பங்குதாரர்கள் வாங்கிய மலை

கூட்டுறவு வார விழா மலரைப் பிரித்தால் பால் உற்பத்தியாளர் சங்கம், நெசவாளர் சங்கம், பண்டகசாலை, கடன் சங்கம் என்று வரலாறுகள் வரிசையாக வரும். அவற்றுக்கு நடுவே அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் ஒரு பனிச்சறுக்கு மலையின் வரலாறும் இடம்பெற வேண்டும் என்று மலர்க் குழுவிடம் நானே கேட்டேன். மேட் ரிவர் கிளென் என்பது அதன் பெயர். அங்கே சறுக்க வருகிறவர்களே பங்கு போட்டு மலையை வாங்கி, 1995 முதல் கூட்டுறவாக நடத்தி வருகிறார்கள். 1904-இல் திருவல்லிக்கேணியில் மளிகை வாங்குகிறவர்களே கடைக்கு உரிமையாளர் ஆனார்கள் அல்லவா, அந்த நுகர்வோர் கூட்டுறவு வகையைச் சேர்ந்ததுதான் இதுவும். அரிசி, பருப்பு, எண்ணெய் இருந்த இடத்தில் இங்கே ஒரு மலைச்சரிவு இருக்கிறது.

மலை பெரியதல்ல. ஜெனரல் ஸ்டார்க் மலை என்று பெயர். 1777-இல் பென்னிங்டன் போரில் வென்ற அமெரிக்கத் தளபதி ஜான் ஸ்டார்க்கின் நினைவாக வைத்தது. உச்சி 3,637 அடி. அடிவாரத்திலிருந்து உச்சி வரை 2,037 அடி ஏற்றம். ஃபேஸ்டன் என்னும் சிற்றூரின் எல்லைக்குள் இருக்கிறது. மேற்கு அமெரிக்காவின் ராக்கி மலைகளோடு வைத்துப் பார்த்தால் உயரத்திலும் பரப்பிலும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் பனிச்சறுக்கில் ஊறியவர்கள் மேட் ரிவர் கிளென் என்ற பெயரை மரியாதையோடு சொல்வார்கள். அதற்கான காரணம் அந்த மலையின் பழைய நாற்காலியில் தொடங்குகிறது.

பனிச்சறுக்கில் இறங்குவது மனிதன் வேலை, ஏறுவதற்குத்தான் இயந்திரம். அமெரிக்காவில் அந்த இயந்திரம் முதலில் வந்ததும் வெர்மான்ட்டில்தான். 1934-இல் உட்ஸ்டாக் ஊரில் ஒரு பண்ணையின் மேட்டில், ஃபோர்டு மாடல் டி காரின் இன்ஜினை வைத்து ஒரு கயிற்றைச் சுற்றவிட்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டால் அது மேலே இழுத்துச் செல்லும். இரண்டு ஆண்டு கழித்து, 1936-இல், ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் உலகின் முதல் நாற்காலி ஏற்றம் ஓடியது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கரன் ஒரு ரயில்வே பொறியாளர். கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கிக் கம்பி அமைப்பில் முன்பு வேலை பார்த்தவர். தார் தொங்கிய கொக்கியில் நாற்காலியைத் தொங்கவிட்டார். பழநியில் ரோப்கார் ஏறியவர்களுக்கு அமைப்பு உடனே விளங்கும்: மேலும் கீழும் இரண்டு பெரிய சக்கரங்கள், நடுவே கோபுரங்கள், ஓயாமல் சுற்றும் எஃகுக் கம்பி. பெட்டி மட்டும் கிடையாது. கம்பியிலிருந்து இறங்கும் ஒரு தண்டின் முனையில் ஓர் இருக்கை. காலில் பலகைகளோடு அதில் உட்கார்ந்து, காற்றிலும் பனியிலும் தொங்கிக்கொண்டே உச்சிக்குப் போக வேண்டும்.

வெர்மான்ட்டுக்கு இந்த நாற்காலியைக் கொண்டுவந்தவர் ரோலண்ட் பால்மெடோ. 1895-இல் பிறந்தவர்; முதல் உலகப் போரில் கடற்படை விமானி; பிறகு நியூயார்க்கில் முதலீட்டு வங்கியாளர். அமெரிக்கப் பெண்கள் பனிச்சறுக்குக் குழு முதன்முதலில் ஐரோப்பாவுக்குப் போட்டியிடப் போனதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1940-இல் ஸ்டோ என்னும் ஊரில், மான்ஸ்ஃபீல்ட் மலையில், அவர் முன்னின்று தொடங்கிய நிறுவனம் ஒற்றை இருக்கை ஏற்றத்தை நிறுவியது. அது நன்றாக ஓடியது. கூட்டம் பெருகியது, கட்டடங்கள் எழுந்தன, பணம் வந்தது. அங்கேதான் பால்மெடோவுக்கு மனம் விலகத் தொடங்கியது. தாம் தொடங்கிய இடம் கேளிக்கைப் பூங்காவாக மாறுவதை அவர் விரும்பவில்லை. பனிச்சறுக்கு மலை என்பது வெறும் தொழில் அல்ல, அதில் ஈடுபாடு கொண்ட மக்களின் குளிர்காலச் சமூகம் அது என்ற கருத்தை அவர் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். பணம் பெருக்கும் தொழிலை நன்கு அறிந்த ஒருவர் இப்படிச் சொன்னதால் அதன் எடை கூடுகிறது என்று நினைக்கிறேன்.

அவர் தேடிக் கண்டுபிடித்த இரண்டாவது மலை ஸ்டார்க் மலை. 1948 இறுதியில் அங்கே ஒற்றை நாற்காலி ஏற்றம் ஓடத் தொடங்கியது. செய்து கொடுத்தது அமெரிக்கன் ஸ்டீல் அண்ட் வயர் நிறுவனம். அடிவாரத்தில் ஒரு கட்டடம், மேலே குளிர்காயச் சிறு குடில், நடுவழியில் இறங்கிக்கொள்ள ஒரு நிலையம். விடுதி வரிசைகளும் கடைத்தெருவும் கிடையாது.

அந்த மலை இன்றுவரை நெரிசல் இல்லாமல் இருப்பதற்கு விளம்பரக் குறைவோ, ஆள் வராமையோ காரணம் அல்ல. அமைப்பு அப்படி. சரிவில் ஒரு நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை வண்டி நிறுத்துமிடமோ நுழைவுச்சீட்டோ தீர்மானிப்பதில்லை. ஏற்றம் மணிக்கு எத்தனை பேரை மேலே கொண்டுபோய் விடுகிறது என்பதே தீர்மானிக்கிறது. இன்று பெரிய மலைகளில் ஓடும் நான்கு, ஆறு இருக்கை விரைவு ஏற்றங்கள் மணிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேரை உச்சியில் கொட்டிவிடும். அங்கே கீழே வரிசை குறைவு, ஆனால் சரிவு முழுக்க ஆட்கள். மேட் ரிவர் கிளெனில் உச்சிக்குப் போகும் ஏற்றத்தில் நாற்காலிக்கு ஒருவர். ஆகவே நல்ல பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமையில் வரிசை நீளும். பொறுமையாகத்தான் நிற்க வேண்டும். மேலே போய் இறங்கினால் முன்னும் பின்னும் ஆள் இருக்க மாட்டார். காத்திருப்பைக் கீழே வைத்துக்கொண்டு வெறுமையை மேலே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

இதோடு முடியவில்லை. அங்குள்ள தடங்கள் பழைய முறையில் வெட்டப்பட்டவை. மலையின் வளைவு நெளிவுகளை ஒட்டி, மரங்களுக்கு நடுவே, குறுகலாக இறங்குபவை. பாறை, வேர், சிற்றருவி எல்லாம் அப்படியே இருக்கும். செயற்கைப் பனி தூவும் குழாய்கள் அடிவாரத்தை ஒட்டிய சிறு பகுதிக்குத்தான். மற்றது எல்லாம் வானம் கொடுப்பது. இயற்கைப் பனி மெல்லியது. ஆயிரக்கணக்கான பலகைகள் ஒரே நாளில் அதன் மேல் போனால் மதியத்துக்குள் வழித்தெடுக்கப்பட்டு, பனிக்கட்டியும் மண்ணும் வெளியே தெரியும். ஆட்கள் குறைவாக இறங்கினால் பனி பல நாள் நிற்கும். குறுகிய தடத்தின் நிழலும் வெயிலிலிருந்து அதைக் காக்கும்.

இப்போது ஏற்றத்தை மட்டும் விரைவாக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆட்கள் கூடுவார்கள், பனி தேயும். தேய்ந்த பனிக்கு ஈடுகட்ட இயந்திரப் பனி வேண்டும். அதற்குக் குளம், பம்பு, குழாய், மின்சாரம். இயந்திரப் பனியைப் பரப்பிச் சமன்செய்ய வண்டி வேண்டும், வண்டி ஓட அகலத் தடம் வேண்டும், அகலத்துக்கு மரம் வெட்ட வேண்டும். இத்தனைக்கும் முதலீடு வேண்டும். அந்த முதலீட்டைச் சறுக்குச் சீட்டு விற்று எடுக்க முடியாது. வீட்டுமனையும் விடுதியும் விற்றுத்தான் எடுக்க முடியும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல மலைகள் போன பாதை இதுதான். ஒற்றை நாற்காலியைப் பழமைமேல் கொண்ட ஆசை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அதை மாற்றினால் மலையே மாறிவிடும் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

அக்கம்பக்கம் சும்மா இருக்கவில்லை. ஸ்டார்க் மலை இருக்கும் அதே பள்ளத்தாக்கில் 1958-இல் ஷுகர்புஷ் என்ற பனிச்சறுக்கு மலை திறந்தது. 1963-இல் கிளென் எலன் என்ற இன்னொன்றும் திறந்தது. நியூயார்க்கின் நாகரிகக் கூட்டம் ஷுகர்புஷுக்குத் திரண்டது. மறுபக்கம், வெர்மான்ட்டை உள்ளடக்கிய நியூ இங்கிலாந்து வட்டாரம் முழுக்கச் சிறு மலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஊருக்கு ஒரு கயிற்று ஏற்றம் இருந்த காலம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலைகள் வந்தபின் குடும்பங்கள் ஊர் மேட்டைத் தாண்டிப் பெரிய மலைகளுக்குக் காரில் போயின. 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் பனி பொய்த்த சில குளிர்காலங்களும் அடி மேல் அடி கொடுத்தன. விபத்தில் முடங்கிப்போன ஒரு சறுக்குநருக்கு 15 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பை 1978-இல் வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததும் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. சிறு மலைகளால் தாங்க முடியவில்லை. நியூ இங்கிலாந்தில் இப்படி மறைந்த மலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. காட்டுக்குள் நடந்தால் துருப்பிடித்த சக்கரங்கள் இன்றும் தட்டுப்படும்.

மேட் ரிவர் கிளென் அந்தப் பட்டியலில் சேராமல் போனதற்கு ஒரு பெண்மணியின் பிடிவாதம் முக்கியக் காரணம். 1972-இல் பால்மெடோ மலையை டிரக்ஸ்டன் பிராட் என்பவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் விற்றார். வாங்கியவரும் அந்த மலையில் சறுக்கியவர்தான். மூன்றே ஆண்டில் அவர் காலமானார். மனைவி பெட்ஸி பிராட் பொறுப்பை ஏற்றார். அடுத்த இருபது ஆண்டுகள் மலையை அவரே நடத்தினார். அருகிலேயே மேட் ரிவர் பார்ன் என்ற விடுதியையும் நடத்தினார். நிறுவனர் வரைந்த கோட்டைத் தாண்டவே மாட்டார் என்று பெயர் எடுத்தார். விரைவு ஏற்றம், பெருந்தடம், மனை விற்பனை எதற்கும் இடம் கொடுக்கவில்லை. முடிந்தால் சறுக்கிப் பார் என்று சவால் விடும் மேட் ரிவர் கிளெனின் சிறு ஸ்டிக்கரைச் சறுக்குநர்கள் கார் பின்புறத்திலும் உலகின் மூலை முடுக்குகளிலும் ஒட்டினார்கள். பெரிய விளம்பரச் செலவு இல்லாத மலைக்கு அதுவே விளம்பரம்.

பெட்ஸிக்கு வயதாகியது. யாரிடம் ஒப்படைப்பது? பெரிய நிறுவனத்துக்கு விற்றால் நல்ல விலை கிடைக்கும்; மலை மிஞ்சாது. அவர் தேர்ந்தெடுத்த வழியைத்தான் கூட்டுறவாளர்களாகிய நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். அங்கே சறுக்குகிறவர்களே சேர்ந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். 1995 டிசம்பரில் மேட் ரிவர் கிளென் கூட்டுறவு மலையை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் ஒரு பனிச்சறுக்கு மலை பயன்படுத்துவோரின் கூட்டுறவுச் சொத்தானது அதுவே முதல் முறை. பங்கு ஒன்றின் விலை அப்போது 1,500 டாலர். வாங்கியவர்களில் பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்கள் உண்டு. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இருந்துகொண்டு வார இறுதியில் வருகிறவர்களும் உண்டு. கொள்முதல் விலை பெருநிதியாளர் எவரையும் நம்பாமல் இப்படித் துளித்துளியாகத் திரட்டப்பட்டது.

பங்கு வாங்கியதோடு கடமை முடிந்துவிடாதபடி விதி எழுதினார்கள். ஒவ்வொரு பங்குக்கும் ஆண்டுதோறும் 200 டாலருக்கு மலையின் சேவைகளை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். சறுக்குச் சீட்டு, பயிற்சி, உணவு, எதுவாகவும் இருக்கலாம். இது அபராதம் அல்ல, நன்கொடையும் அல்ல. உறுப்பினர் எப்படியும் செலவழிக்கப்போகும் பணம். ஆனால் பனி விழுமுன்பே அது சங்கத்தின் கையில் வந்துவிடுகிறது. பனியை நம்பி இருக்கும் தொழிலில் இலையுதிர் காலத்துக் கையிருப்புதான் உயிர். ஏற்றத்தைப் பராமரிக்கவும் ஆட்களை அமர்த்தவும் அப்போதே பணம் வேண்டும். நம் சங்கங்களிலும் இப்படி ஓர் ஏற்பாட்டை யோசிக்கலாம். இலாப ஈவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பங்குதாரரும் கடைக்கு வந்து சரக்கு வாங்கும் பங்குதாரரும் ஒன்றல்ல என்பதை இந்த விதியை எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். நிர்வாகம் பங்குதாரர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழுவிடம் இருக்கிறது. காட்டையும் மலைச் சூழலையும் காப்பது சங்கத்தின் நோக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இலாபத்தைப் பற்றி மட்டும் பேசும் நோக்க அறிக்கைகளுக்கு நடுவே இது தனித்துத் தெரிகிறது.

கூட்டுறவுக்குப் பெரும் சோதனை ஏற்றத்தின் வயதோடு வந்தது. 1948-இல் நிறுத்திய கோபுரங்களும் சக்கரங்களும் அறுபதை நெருங்கின. கம்பியும் இயந்திரமும் இனித் தாங்காது. ஸ்டோவில் பால்மெடோ நிறுவிய ஒற்றை நாற்காலியை அதன் உரிமையாளர்கள் 1986-இலேயே அகற்றிவிட்டார்கள். அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான நாற்பத்தெட்டு மாநிலங்களில் வேறெங்கும் ஒற்றை நாற்காலி ஓடாத நிலை. இரட்டை இருக்கை ஏற்றம் போட்டால் வரிசை பாதியாகும், சீட்டு விற்பனை கூடும் என்ற வாதம் எழுந்தது. அது நியாயமான வாதமும்கூட. விஷயம் உறுப்பினர்கள் முன் வைக்கப்பட்டது. அவர்கள் மிகப் பெரும்பான்மையோடு ஒற்றை நாற்காலியே வேண்டும் என்றார்கள்.

பிறகு நடந்தது ஒரு பெரும் புனரமைப்பு. வெர்மான்ட் பாதுகாப்பு அறக்கட்டளையின் துணையோடு நன்கொடை திரட்டினார்கள். செலவு 15 லட்சம் டாலரைத் தாண்டியது. 2007 கோடையில் கோபுரங்களைக் கழற்றி ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். துருவைச் சுரண்டி, செப்பனிட்டு, மறுபடி பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். கம்பியும் இயக்கும் இயந்திரமும் புதியவை. டொப்பல்மேயர் நிறுவனம் வேலையைச் செய்தது. விரைவு ஏற்றங்களுக்கு உலகப் பெயர் பெற்ற நிறுவனம், ஒருவர் மட்டும் உட்காரும் இருக்கையை அக்கறையோடு மறுபடி செய்து கொடுத்தது. அந்தப் பனிக்காலத்திலேயே ஏற்றம் ஓடியது. 2012-இல் மேட் ரிவர் கிளென் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஓடாத பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது எளிது. ஆள் ஏறி இறங்கும் இயந்திரத்தைப் பாதுகாப்பு விதிகள் அனைத்துக்கும் உட்பட்டு நாள்தோறும் ஓட்டிக்கொண்டே காப்பது கடினம். அதைச் சாதித்தது பங்குதாரர் கூட்டம் ஒன்று என்பதில் எனக்குப் பெருமை.

குறை என்று நான் கருதுவதையும் எழுதிவிடுகிறேன். இந்த மலையில் ஸ்னோபோர்டு எனப்படும் ஒற்றைப் பலகைக்கு அனுமதி கிடையாது. 1980-களில் அதற்கு முதலில் இடம் கொடுத்த மலைகளுள் இதுவும் ஒன்று. பலகையோடு ஏறி இறங்குகிறவர்களால் ஒற்றை நாற்காலி ஆடிக் கம்பி விலகிவிடும் என்ற அச்சமும், பெட்ஸிக்கும் இளைஞர்களுக்கும் ஏற்பட்ட மனத்தாங்கலும் சேர்ந்து 1990-களின் தொடக்கத்தில் முழுத் தடையாக முடிந்தது. கூட்டுறவு அந்தத் தடையைத் தொடர்கிறது. இன்று அமெரிக்காவில் இப்படித் தடை வைத்திருப்பவை யூட்டா மாநிலத்தின் ஆல்டா, டியர் வேலி, அப்புறம் இந்த மலை, ஆக மூன்றுதான். உறுப்பினர்களின் முடிவு என்பதால் அதற்குரிய மதிப்பு உண்டு. ஆனாலும் இருக்கும் உறுப்பினர்களின் வாக்கு, வெளியே நிற்கும் இளைஞரின் குரலைக் கேட்காது. இந்த ஆபத்து எல்லாக் கூட்டுறவுக்கும் உண்டு; மலை அதற்கு விலக்கல்ல.

வானிலையும் விட்டுவைக்கவில்லை. 2015-16 குளிர்காலத்தில் வெர்மான்ட் முழுவதும் பனி பொய்த்தது. இயந்திரப் பனி அதிகம் இல்லாத மலைக்கு அது பேரிடி. திறந்திருந்த நாட்கள் வெகுவாகக் குறைந்தன. பூமி சூடாகும் காலத்தில் இயற்கைப் பனியை நம்புவது எத்தனை நாளைக்கு என்ற கேள்வி உறுப்பினர்கள் முன் நிற்கிறது. அடிவாரத்தில் இயந்திரப் பனியைச் சற்றே கூட்டலாமா, எந்த அளவோடு நிறுத்துவது என்பதெல்லாம் அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியவை.

அங்கு வழக்கமாகப் போகிறவர்கள் சொல்லும் சில செய்திகளையும் சேர்த்துக்கொள்கிறேன். நாற்காலியில் பக்கத்தில் யாரும் இல்லாததால் பேச்செல்லாம் வரிசையிலேயே நடந்துவிடும். மேலே ஏறும் நேரம் காட்டைப் பார்ப்பதற்கு. உச்சியில் ஸ்டார்க்ஸ் நெஸ்ட் என்ற மரக்குடில் இருக்கிறது. வெர்மான்ட்டின் தெற்கு எல்லையிலிருந்து வடக்கே கனடா எல்லை வரை போகும் லாங் டிரெய்ல் நடைபாதை அதை ஒட்டிச் செல்வதால், கோடையில் மூட்டை சுமந்து வரும் நடைபயணிகள் அங்கே தங்குவார்கள். குதிகாலைக் கட்டாமல், முழங்கால் மடக்கித் திரும்பும் டெலிமார்க் என்ற பழைய நார்வே முறைக்கு இந்த மலை பெயர்போனது. அதற்கென்று மார்ச் மாதத்தில் ஆண்டுதோறும் விழா நடந்து வந்திருக்கிறது. சரிவுகளில் பேரடைஸ் என்ற தடம் மிகச் செங்குத்து. உறைந்த சிற்றருவி ஒன்றைத் தாண்டித்தான் அதில் இறங்க வேண்டும். அதற்கு வழிகாட்டிப் பலகை வைக்காமல் விட்டிருந்ததே அதன் புகழுக்கு ஒரு காரணம்.

பால்மெடோ தொடங்கிய இரண்டு மலைகளின் இன்றைய நிலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்டோ மலையை 2017-இல் வேல் ரிசார்ட்ஸ் என்னும் பெருநிறுவனம் வாங்கிவிட்டது. பள்ளத்தாக்கின் அண்டை மலையான ஷுகர்புஷ் 2020-இல் ஆல்டெரா நிறுவனத்தின் கைக்குப் போனது. இரண்டும் நல்ல வசதியுள்ள மலைகள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே ஏற்றம், சீட்டு விலை, தடம் பற்றிய முடிவுகள் பல நூறு மைல் தொலைவில் எடுக்கப்படுகின்றன. ஸ்டார்க் மலையின் முடிவுகளை அங்கே சறுக்குகிறவர்கள் எடுக்கிறார்கள். 2023-இல் ஏற்றத்துக்கு 75 ஆண்டு நிறைந்தபோது பவள விழாக் காணும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பலர் அதன் உரிமையாளர்கள்.

இந்த மலரை வாசிக்கும் நீங்களும் ஏதோ ஒரு சங்கத்தின் உறுப்பினராக இருப்பீர்கள். பேரவைக் கூட்ட அறிவிப்பு வந்தால் படிக்காமல் மடித்து வைத்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அடுத்த அறிவிப்பு வரும்போது அதைப் பிரித்து, வரவு செலவு அறிக்கையை ஒரு தடவை படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். சங்கத்தின் கட்டடம், நிலம், இயந்திரம் பற்றிய தீர்மானம் வந்தால் எழுந்து கேள்வி கேளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குக் கிளம்பிவிடாதீர்கள்.